செவ்ரொலே 235 டிரக் என்ஜினை ஈயமற்ற பெட்ரோலுக்கு ஏற்பக் கட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய அமெரிக்க டிரக்குகளில் வந்த என்ஜின்களில் செவ்ரொலே 235-க்கு இணையாக நான் மதிக்கும் என்ஜின் வேறு இல்லை. நேர்வரிசையில் ஆறு சிலிண்டர், 235 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 3.9 லிட்டர். 1941-லேயே பெரிய டிரக்குகளில் வந்துவிட்டது. 1954-ல் அரை டன் பிக்கப் வரை எல்லாவற்றிலும் முந்தைய 216 என்ஜினின் இடத்தைப் பிடித்து, 1962 வரை ஓடியது. இன்றும் பாகங்கள் கிடைக்கின்றன, வேலை தெரிந்த மெஷின் ஷாப்களும் இருக்கின்றன. அமெரிக்காவில் சாலை வண்டிகளுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் விற்பது 1996 ஜனவரி 1-ஆம் தேதியோடு சட்டப்படி நின்றுபோனது. இந்தியாவில் 2000-இல் நின்றது. ஆகவே இந்த என்ஜினை இன்று யார் பிரித்துக் கட்டினாலும் ஈயமற்ற பெட்ரோலுக்காகவே கட்ட வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈயமற்ற பெட்ரோலுக்கு மாற்றுவது என்றால் ஹெட்டில், அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பாகத்தில், கடினமான வால்வு சீட் (வால்வு மூடும்போது படியும் வளையம்) போடுவது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். சீட் பாதி வேலைதான். எரிந்த புகையை வெளியே விடும் ஆறு எக்ஸாஸ்ட் வால்வுகளும் அளவுக்கு மீறிச் சூடாகாமல் பார்த்துக்கொள்வது மீதிப் பாதி. கூலிங், பெட்ரோல் கலவை, டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்), டேப்பட் இடைவெளி (வால்வு மூடியிருக்கும்போது வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே விடும் சிறு இடம்) எல்லாம் அதற்குள் அடக்கம். இந்த வழிகாட்டி அந்தக் கணக்கில்தான் போகிறது.

ஈயம் என்ன செய்துகொண்டிருந்தது

1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி டெட்ரா எத்தில் ஈயத்தைப் பெட்ரோலில் கலந்து பார்த்தார். என்ஜின் நாக்கிங், அதாவது கலவை கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டும் சத்தம், அடங்கியது. 1923 பிப்ரவரியில் ஒஹையோவின் டேட்டன் நகரில் விற்பனை தொடங்கியது. அந்தப் பொருளைத் தயாரித்த தொழிலாளர்கள் நஞ்சேறி இறந்தது அடுத்த ஆண்டிலேயே செய்தியாகியும், அது உலகம் முழுக்கப் பரவியது. சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியா அதை நிறுத்தியது 2021-இல்தான். எரிபொருளிலிருந்து ஈயம் போனது மனிதகுலத்துக்கு நல்லது. பழைய வண்டிமேல் எவ்வளவு பாசம் இருந்தாலும் அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஈயம் சேர்த்தது நாக்கிங்கைக் குறைக்கத்தான். ஆனால் அது எரிந்து உண்டான கூட்டுப்பொருள்கள் எக்ஸாஸ்ட் வால்வின் முகத்திலும் சீட்டிலும் மெல்லிய படலமாகப் படிந்தன. எக்ஸாஸ்ட் வால்வு கடும் சுமையில் 700 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகும். என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1,500 முறை சீட்டில் வந்து மோதுகிறது. 235-இன் ஹெட்டில் சீட் என்று தனிப் பாகம் கிடையாது, வார்ப்பிரும்பிலேயே வெட்டியிருப்பார்கள். இடையில் அந்தப் படலம் இல்லாவிட்டால் இரும்பும் வால்வும் நுண்ணிய புள்ளிகளில் ஒட்டி, அடுத்த முறை திறக்கும்போது பிய்ந்து வரும். பிய்ந்த துகள் வால்வு முகத்தில் ஒட்டிக்கொண்டு சீட்டை அரைக்கும். சீட் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் இறங்கும், டேப்பட் இடைவெளி சுருங்கும். கடைசியில் வால்வு முழுதாக மூடாது. வால்வின் சூட்டில் பெரும்பகுதி சீட் வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பதால், மூடாத வால்வு சில நாளிலேயே எரிந்துபோகும்.

இன்டேக் வால்வுக்கு இந்தத் தொல்லை இல்லை. குளிர்ந்த கலவை ஒவ்வொரு சுற்றிலும் அதைத் தழுவிப் போகிறது. ஆக்டேனும் இங்கே பிரச்சினை இல்லை. 1954 டிரக் 235-இன் கம்ப்ரஷன் விகிதம் 7.5, பிற்பாடு வந்தவற்றில் 8.25. அமெரிக்க பம்புகளில் கிடைக்கும் சாதாரண 87 ஆக்டேனே போதும். விலை கூடிய பெட்ரோல் போட்டால் சீட்டுக்கு ஒரு பாதுகாப்பும் கிடைக்காது.

ஹெட்டைக் கழற்ற வேண்டுமா?

எல்லோரும் உடனே கழற்ற வேண்டியதில்லை. 1980-களின் நடுவில் அமெரிக்க வேளாண் துறையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சேர்ந்து, பழைய டிராக்டர், டிரக் என்ஜின்களை ஈயமற்ற பெட்ரோலில் ஓட்டிச் சோதித்தன. மெதுவாக, குறைந்த சுமையில் ஓடிய என்ஜின்களில் தேய்மானம் சொற்பம். அதிக வேகத்தில், அதிக சுமையில் ஓடியவற்றில்தான் சீட் வேகமாக இறங்கியது. அப்படி இறங்கியதில் முன்னணியில் இருந்தது 235-க்கு அடுத்த தலைமுறையான 292 என்ற ஜிஎம் ஆறு சிலிண்டர் டிரக் என்ஜின்.

உங்கள் டிரக் எந்தப் பக்கம் என்று கியர் விகிதமே சொல்லிவிடும். 1950-களின் முதல் பாதி அரை டன் பிக்கப்களில் பின் ஆக்ஸில் பொதுவாக 4.11. சுமார் 28 அங்குல விட்டமுள்ள டயரோடு மணிக்கு 45 மைலில் போனால் என்ஜின் 2,200 சுற்று அளவில் இருக்கும். 65 மைலில் போனால் 3,200. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் ஒரு சுற்று, வருடத்தில் ஒன்றிரண்டு கண்காட்சி என்றால் பழைய சீட்டிலேயே பல வருடம் ஓட்டலாம். நெடுஞ்சாலை, மேடு, பின்னால் டிரெய்லர் என்றால் சீட் மாற்றியே ஆக வேண்டும்.

நடுவில் இருப்பவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு எக்ஸாஸ்ட் டேப்பட்டையும் சரியான இடைவெளியில் வைத்து, ஆயிரம் மைலுக்கு ஒருமுறை ஃபீலர் கேஜால் அளந்து எழுதுங்கள். இடைவெளி நிலையாக இருந்தால் சீட் தேயவில்லை. ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால் தேய்கிறது, ஹெட்டை இறக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. இதைவிட நம்பகமான, செலவில்லாத சோதனை கிடையாது.

பழைய ஈயப் படிவு சிறிது காலம் காப்பாற்றும் என்பது உண்மைதான். ஆனால் சீட்டை ஒருமுறை கிரைண்ட் செய்தால் அந்தப் படிவும் போய்விடும். அதனால் "வால்வை மட்டும் தேய்த்துப் போட்டுவிடலாம்" என்று ஹெட்டைத் திறப்பது பாதி வேலை. திறந்தால் சீட்டையும் போட்டுவிடுங்கள். பெட்ரோலில் ஊற்றும் ஈய மாற்று மருந்துகளில் பொட்டாசியம், மாங்கனீஸ், பாஸ்பரஸ் போன்றவை உள்ளவை ஓரளவு உதவும், பயணத்தில் தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம். டேங்கில் போடும் உலோகக் குண்டுகளுக்கு நான் காசு கொடுக்க மாட்டேன்.

பிரிக்கும்போது

பிரிப்பதற்கு முன்பே கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து ஆறு அளவையும் குறித்து வையுங்கள். புஷ் ராட், ராக்கர், வால்வு எல்லாவற்றையும் அட்டையில் துளையிட்டு எண் போட்டு வரிசையாகச் செருகுங்கள்.

ஈயப் பெட்ரோலில் பல ஆண்டு ஓடிய என்ஜின் என்றால், ஹெட்டிலும் பிஸ்டன் தலையிலும் எக்ஸாஸ்ட் போர்ட்டிலும் இருக்கும் சாம்பல் நிறப் படிவில் ஈயம் இருக்கிறது. அதை உலர்ந்த நிலையில் வயர் பிரஷ்ஷால் தேய்க்கவே கூடாது. தூள் பறந்து மூச்சில் போகும். கரைப்பானில் ஊறவைத்து ஈரமாகவே சுரண்டுங்கள். கையுறை, முகக்கவசம் போடுங்கள், அந்த உடையோடு வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள். பழைய கேஸ்கெட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதையும் ஈரமாக்கித்தான் எடுக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அவசரம் காட்டும் எந்தக் கடையிலும் என் ஹெட்டைக் கொடுக்க மாட்டேன்.

ஹெட்: வேலையின் மையம்

முதலில் விரிசல் பார்க்க வேண்டும். வெறும் கண்ணால் பார்த்தால் போதாது, காந்தத் துகள் சோதனை செய்யச் சொல்லுங்கள். இந்த ஹெட்களில் வால்வு சீட்களுக்கு நடுவே விரிசல் விடுவது சகஜம். சீட், கைடு, வால்வு எல்லாம் வாங்கி, கூலி கொடுத்த பிறகு விரிசல் தெரிந்தால் அத்தனையும் வீண். அதனால் வேறு எதற்கும் பணம் கட்டுமுன் இதை முடியுங்கள். கூடவே, ஏற்கெனவே யாராவது சீட் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். எக்ஸாஸ்ட் வாயைச் சுத்தம் செய்து பார்த்தால் வேறு நிறத்தில் ஒரு வளையம் தெரியும். அந்தக் காலத்துக் கனரக டிரக் என்ஜின்கள் சிலவற்றில் கம்பெனியே கடின சீட் போட்டு அனுப்பியது.

அடுத்தது கைடு, அதாவது வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய். சீட் வெட்டும் கருவியை நேராக நிறுத்தும் பைலட் தண்டு கைடுக்குள்தான் உட்காரும். தேய்ந்த கைடில் பைலட் ஆடினால் சீட் குழி கோணலாகும், கோணலான சீட்டில் வால்வு ஒருநாளும் சரியாக உட்காராது. எனவே கைடை மாற்றி, அல்லது வெண்கல லைனர் போட்டு, அளவு சரிசெய்த பிறகே சீட்டில் கை வைக்க வேண்டும். வால்வுத் தண்டுக்கும் கைடுக்கும் இடையே எக்ஸாஸ்டில் 0.002 முதல் 0.004 அங்குலம், இன்டேக்கில் அதைவிட ஓர் ஆயிரத்தில் பங்கு குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். எக்ஸாஸ்டை மிக இறுக்கமாக வைத்தால் சூட்டில் தண்டு பிடித்துக்கொள்ளும்.

இப்போது சீட். ஆறு எக்ஸாஸ்ட் இடங்களில் மட்டும் போட்டால் போதும். எந்த உலோகம் என்று கடைக்காரர் கேட்பார். எரிவாயுவில் ஓடும் வண்டிக்குக் கோபால்ட் கலவை சரி. பெட்ரோல் பிக்கப்புக்கு, தூள் உலோகத்தைச் சுட்டுச் செய்யும் இரும்புக் கலவை சீட்டே போதும். அது வெட்ட எளிது, சூட்டையும் ஹெட்டுக்கு நன்றாகக் கடத்தும். சீட் தன் சூட்டைச் சுற்றியுள்ள இரும்புக்குக் கொடுத்தால்தான் வால்வு பிழைக்கும். கடினமாக இருந்து, குழியில் தளர்வாக உட்கார்ந்த சீட் பழைய மென்மையான இரும்பைவிட மோசம்.

அதனால் இறுக்கம்தான் இங்கே உயிர். குழியைவிட சீட்டின் வெளிவிட்டம் சுமார் 0.005 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். குழியின் அடித்தளம் தட்டையாக இருக்க வேண்டும், சீட் அதில் முழுதாகப் படிய வேண்டும். குழி ஆழமாகிவிட்டால் கட்டர் தண்ணீர் பாதையைத் தொட்டுவிடும் அபாயம் உண்டு. அடியில் எவ்வளவு இரும்பு மிச்சமிருக்கும் என்று தெரிந்த, இந்தக் குடும்ப ஹெட்டில் ஏற்கெனவே வேலை செய்த ஆளிடம்தான் கொடுக்க வேண்டும். சீட்டை ஃப்ரீசரிலோ உலர்பனியிலோ குளிரவைத்து, ஹெட்டை லேசாகச் சூடாக்கி, சரியான அளவு டிரைவர் வைத்து ஒரே சீராக அடித்து இறக்குவார்கள். அடியில் உட்கார்ந்ததும் சுத்தியலின் சத்தம் மாறும். பிறகு சீட்டின் விளிம்பைச் சுற்றி ஹெட் இரும்பைச் சிறிது தட்டி மடக்கிவிடுவது கூடுதல் பாதுகாப்பு.

வால்வுக்கு 21-4என் எனப்படும் துருப்பிடிக்காத எஃகு வகையைக் கேளுங்கள். தண்டில் குரோம் பூச்சு இருக்கட்டும். கடின சீட் போட்டுவிட்டு 1950-களின் பழைய வால்வையே முகம் தேய்த்துப் போட்டால், அடுத்து அதுதான் தேயும்.

சீட் முகத்தை மூன்று கோணங்களில் வெட்டுவார்கள். வால்வு படியும் நடுக்கோணம் உங்கள் ஆண்டின் ஷாப் மேனுவலில் உள்ளபடி இருக்கட்டும். மேலும் கீழும் வெட்டும் கோணங்கள் அந்தப் பட்டையின் அகலத்தையும் இடத்தையும் சரிசெய்யத்தான். இன்டேக்கில் பட்டை சுமார் 1.5 மில்லிமீட்டர் இருந்தால் போதும். எக்ஸாஸ்டில் 2 முதல் 2.4 மில்லிமீட்டர் வரை அகலமாக விடுங்கள். ரேஸ் என்ஜின் பழக்கத்தில் சில கடைகள் எக்ஸாஸ்டையும் மெல்லியதாக வெட்டும். காற்று நன்றாகப் போகும், ஆனால் சூடு வெளியேற இடம் குறையும். டிரக்குக்கு அது வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். லேப்பிங் பேஸ்ட் போட்டு லேசாக ஒரு சுற்று தேய்த்துப் பார்த்தால் பட்டை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பேஸ்ட்டை ஒரு துளி மிச்சமில்லாமல் கழுவுங்கள்.

ராக்கர் ஷாஃப்டை மறக்க வேண்டாம். 235-இல் ராக்கருக்கு எண்ணெய் நடுவிலுள்ள ஒரு சிறு குழாய் வழியாகத்தான் மேலே வருகிறது. அது அடைத்துக்கொள்வது இந்த என்ஜினின் பழைய நோய். காற்றடித்து, கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். ஷாஃப்டின் இரு முனை மூடிகளையும் கழற்றி உள்ளே இருக்கும் கசடை வெளியேற்றுங்கள்.

கீழ்ப்பாதி

ஈயமற்ற பெட்ரோலுக்காகக் கீழே எதுவும் மாற்ற வேண்டியதில்லை. வழக்கமான ரீபில்டுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். 1954 முதல் வந்த டிரக் 235-இல் கழற்றி மாற்றும் பேரிங்கும், முழு அழுத்த எண்ணெய் ஓட்டமும், அலுமினியப் பிஸ்டனும் இருக்கின்றன. சிலிண்டர் தேய்ந்திருந்தால் 0.030 அல்லது 0.040 அங்குலம் பெரிதாகக் குடையும் ஓவர்சைஸ் போரிங். ரிங் முனை இடைவெளி 0.014 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மெயின் போல்ட்டுக்கு 100 முதல் 110 அடி-பவுண்டு, கனெக்டிங் ராடுக்கு 35 முதல் 45. கேம் ஷாஃப்ட் செயினில் அல்ல, பல்சக்கரத்தில் ஓடுகிறது. அந்தச் சக்கரத்தின் பல்லில் விரிசலோ தேய்மானமோ இருந்தால் மாற்றிவிடுங்கள்.

தண்ணீர் ஓட்டம்

பல ரீபில்டுகள் கோட்டைவிடும் இடம் இது. பிளாக்கின் தண்ணீர் அறையில், அதுவும் பின் சிலிண்டர்களைச் சுற்றி, பல பத்தாண்டுத் துருவும் சேறும் இறுகிக் கிடக்கும். கோர் பிளக் (பிளாக்கின் பக்கத் துளைகளை அடைக்கும் உலோக மூடி) எல்லாவற்றையும் கழற்றி, கம்பியால் குத்திக் கிளறி, வேதிக் குளியலில் போட்டு எடுக்க வேண்டும். ஆறாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் சீட் முதலில் போவதற்குப் பெரும்பாலும் இந்தச் சேறுதான் காரணம். சில ஆண்டுகளின் செவ்ரொலே ஹெட்களில், தண்ணீரைச் சூடான இடங்களை நோக்கிப் பாய்ச்சச் சிறு உலோக நாசில்கள் அடித்திருப்பார்கள். உங்கள் ஹெட்டில் அவை இருந்தால், துருப்பிடித்தவற்றை மாற்றி, பழைய திசையிலேயே உட்காரவையுங்கள். ரேடியேட்டரைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

மேனிஃபோல்டும் பெட்ரோல் லைனும்

கலவையை உள்ளே கொண்டுவரும் இன்டேக் மேனிஃபோல்டு, புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இரண்டும் நடுவில் ஒன்றோடொன்று போல்ட் போட்டிருக்கும். அந்த நடு போல்ட்களைத் தளர்த்திவிட்டு, இரண்டையும் ஹெட்டில் பூட்டி, அதற்குப் பிறகே நடுவை இறுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் காது உடையும், அல்லது இன்டேக்கில் காற்று கசியும். காற்று கசியும் சிலிண்டரில் பெட்ரோல் குறைந்து கலவை வறண்டு எரியும், அந்த வால்வு வேகும். மேனிஃபோல்டில், குளிரில் எக்ஸாஸ்ட் சூட்டை இன்டேக் பக்கம் திருப்பும் ஹீட் ரைசர் கதவும் தாராளமாகத் திறந்து மூட வேண்டும். மூடிய நிலையில் இறுகிப்போனால் எக்ஸாஸ்ட் சூடெல்லாம் நடுவில் தேங்கும்.

இன்றைய ஈயமற்ற பெட்ரோலோடு எத்தனாலும் சேர்ந்து வருகிறது. அமெரிக்காவில் பொதுவாக 10 சதவீதம், இந்தியாவில் இப்போது 20 சதவீதம் வரை. பழைய ரப்பரை அது ஊறவைத்து இளக்கும். பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ராம், ஹோஸ், கார்ப்பரேட்டர் சீல் அனைத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். இதை ஆடம்பரமாக நினைக்க வேண்டாம். 1949-லிருந்து 1955-இன் தொடக்கம் வரை வந்த பிக்கப்களில் பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. அங்கே ஒரு பழைய ரப்பர் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. டேங்கில் பழைய துரு இருந்தால் எத்தனால் அதையும் கிளப்பும், ஆகவே பம்ப்புக்கு முன்னால் ஒரு ஃபில்டர் போடுங்கள்.

எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை சற்று வறண்டு ஓடும். 10 சதவீதத்துக்கு அது சிறு வித்தியாசம்தான். ஆனால் மேட்டில் இழுக்கும்போது என்ஜின் திணறினாலோ, பிளக் வெள்ளையாக வெளுத்திருந்தாலோ ரோச்செஸ்டர் கார்ப்பரேட்டரின் மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்குங்கள். 20 சதவீதம் என்றால் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பூட்டி, முதலில் ஓட்டுவது

ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளியே நோக்கி மூன்று கட்டமாக, 90 முதல் 95 அடி-பவுண்டு வரை இறுக்குங்கள். டேப்பட்டைக் குளிர்ந்த நிலையில் சற்றுத் தாராளமாக வைத்துவிட்டு, என்ஜின் முழுச் சூடான பிறகு மேனுவலில் உள்ள அளவுக்கு மறுபடி சரிசெய்யுங்கள். இன்டேக் 0.006, எக்ஸாஸ்ட் 0.013 என்பது இந்தக் குடும்பத்தில் நெடுங்காலம் புழங்கிய அளவு. பிந்தைய டிரக்குகளுக்கு எக்ஸாஸ்டில் இன்னும் கூடுதலாகச் சொல்லியிருக்கும். எக்ஸாஸ்டை ஒருபோதும் அளவுக்குக் கீழே இறுக்காதீர்கள். டப்டப்பென்று சற்றுச் சத்தம் வந்தாலும் பரவாயில்லை, வால்வு சீட்டில் உட்கார நேரம் கிடைக்கும்.

கேம், லிஃப்டர் புதிதென்றால் துத்தநாகம் அதிகமுள்ள எண்ணெய் ஊற்றுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2,000 சுற்று அளவில் இருபது முப்பது நிமிடம் ஓட்டுங்கள். அந்த நேரத்தில் ராக்கர் மூடியைத் திறந்து, எல்லா ராக்கருக்கும் எண்ணெய் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

அப்புறம் டைமிங். ஃப்ளைவீலில் பதித்த சிறு எஃகுக் குண்டை, பெல் ஹவுசிங்கின் ஜன்னல் வழியே டைமிங் லைட்டில் பார்த்து வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்யூம் குழாயைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். நாக்கிங் வருமோ என்ற பயத்தில் பலர் டைமிங்கைத் தேவைக்கு மேல் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். அப்படிச் செய்தால் நெருப்பு தாமதமாக எரிந்து, எரிந்துகொண்டே எக்ஸாஸ்ட் வால்வைத் தாண்டும். புதிதாகப் போட்ட சீட்டுக்கு அதைவிடக் கேடு வேறில்லை. 87 ஆக்டேனில் இந்த என்ஜினுக்குப் பின்னுக்குத் தள்ள வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. மேட்டில் டாப் கியரில் முழுத் திராட்டில் கொடுத்து, நாக்கிங் தொடர்ந்து கேட்டால் மட்டும் சிறிது பின்னுக்கு வாருங்கள்.

ஈயம் இல்லாததால் நன்மைகளும் உண்டு. ஈயத்தை வெளியேற்றுவதற்காகப் பெட்ரோலில் சேர்த்த புரோமின், குளோரின் கூட்டுப்பொருள்கள் அமிலமாகிச் சைலன்சரை அரித்தன, எண்ணெயைக் கெடுத்தன. அவை இப்போது இல்லை. பிளக்கில் ஈயப் படிவு சேராது, எண்ணெயும் அன்றைக்கு இருந்ததைவிடச் சுத்தமாக இருக்கும்.

முதல் 500 மைல் முடிந்ததும் எண்ணெய் மாற்றி, ஹெட் போல்ட்டை மறுபடி டார்க் செய்து, பன்னிரண்டு டேப்பட்டையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். புதிய சீட்டில் வால்வு படியும்போது எக்ஸாஸ்ட் இடைவெளி சிறிது குறையலாம். 1,500 மைலில் மறுபடி அளக்கும்போது அது நின்றுவிட வேண்டும். ஏதாவது ஒரு சிலிண்டரில் மட்டும் தொடர்ந்து குறைந்தால் சீட்டைக் குறை சொல்லுமுன் அந்த சிலிண்டரின் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் காற்று கசிகிறதா என்று பாருங்கள், பிறகு தண்ணீர் ஓட்டத்தைப் பாருங்கள்.